கொடியை ஏற்றுவதா, தொங்கவிடுவதா?

ஒரே தாய்க்கொடியிலிருந்து ஒரே நாளில் வெட்டிய இரண்டு துண்டுகள் என் வீட்டில் வளர்கின்றன. இரண்டும் மணி பிளாண்ட். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒன்றைப் புத்தக அலமாரியின் மேல்தட்டில் வைத்துத் தொங்கவிட்டேன். மற்றொன்றை அதே சன்னலுக்கு அருகே, ஈரப்பாசி அடைத்த கம்பத்தில் ஏற்றினேன். மண் கலவை ஒன்று, உரம் ஒன்று, தண்ணீர் ஊற்றும் கையும் ஒன்று. இன்று தொங்கும் கொடியின் நுனி இலை என் உள்ளங்கையில் பாதிதான் இருக்கிறது. கம்பத்தில் ஏறிய கொடியின் மேல் இலையோ, விரல்களை அகல விரித்த என் கையை முழுவதுமாக மறைத்துவிடுகிறது. பார்க்க வருகிறவர்கள் இரண்டும் வேறு வேறு செடிகள் என்றே நினைக்கிறார்கள்.

வீட்டுக்குள் கொடி வளர்க்க விரும்புகிறவர்கள் பெரும்பாலும் எந்தச் செடி நல்லது என்ற கேள்வியோடுதான் வருகிறார்கள். அது இரண்டாவது கேள்வி என்பது என் உறுதியான எண்ணம். கொடி மேலே போகப்போகிறதா, கீழே இறங்கப்போகிறதா? மேலே போவதென்றால் எதைப் பிடித்துக்கொண்டு? இவற்றுக்கு விடை தெரிந்த பிறகே செடியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கொழுகொம்பு என்ற அருமையான சொல் நம் மொழியில் இருக்கிறது. கொடி பற்றி ஏறும் கொம்பு. பல கொடிகளுக்கு இலையின் அளவு, கணுக்களின் இடைவெளி, தண்டின் பருமன் எல்லாமே அந்தக் கொம்பு கிடைத்ததா இல்லையா என்பதைப் பொறுத்தே அமைகின்றன.

தொங்கும் கொடி, ஏறும் கொடி

மணி பிளாண்டின் பிறந்த மண், பசிபிக் பெருங்கடலில் சொசைட்டி தீவுகளில் ஒன்றான மூரியா. காட்டில் அது 20 மீட்டர் உயரம் வரை மரமேறும். உயரத்தில் விரியும் முதிர்ந்த இலை ஒரு மீட்டர் நீளம் வரை போகும்; ஓரங்களில் கிழிசலும் விழும். தொட்டியில் நாம் பார்க்கும் சிறிய இதய வடிவ இலை அதன் குழந்தைப் பருவம். பெரும்பாலான வீடுகளில் இந்தச் செடி ஆயுள் முழுவதையும் குழந்தையாகவே கழித்துவிடுகிறது.

காட்டுத் தரையில் ஊர்ந்துபோகும் இளங்கொடிக்கு ஒரே வேலைதான்: ஏறுவதற்கு ஒரு மரத்தைத் தேடுவது. தேடும் காலத்தில் பெரிய இலைக்குச் செலவு செய்ய அதற்குக் கட்டுப்படியாகாது. கணுவுக்கும் கணுவுக்கும் இடையே தண்டை நீளமாக விட்டு, சின்னச் சின்ன இலைகளோடு விரைந்து நகரும். அடிமரம் ஒன்றைத் தொட்டு வேர் பிடித்ததும் எல்லாம் மாறுகிறது. கணுக்கள் நெருங்குகின்றன, தண்டு தடிக்கிறது, ஒவ்வொரு புது இலையும் முந்தைய இலையைவிட ஒரு சுற்றுப் பெரிதாக வருகிறது. அலமாரியிலிருந்து தொங்கும் கொடி இன்னும் மரத்தைத் தேடி முடிக்காத கொடி.

இந்தத் தேடலைப் பற்றி எனக்குத் தெரிந்தவற்றுள் மிக அழகான செய்தி ஒன்று உண்டு. கோஸ்டா ரிக்கா காட்டில் மான்ஸ்டெரா இனத்தைச் சேர்ந்த ஒரு கொடியின் நாற்றுகளைக் கவனித்த டொனால்ட் ஸ்ட்ராங், தாமஸ் ரே என்ற இரண்டு ஆய்வாளர்கள், 1975-இல் தங்கள் முடிவை வெளியிட்டார்கள். செடி என்றாலே வெளிச்சத்தை நோக்கி வளையும் என்றுதான் நாம் படித்திருக்கிறோம். அந்த நாற்றுகளோ வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டி, பக்கத்தில் நின்ற பெரிய அடிமரத்தின் இருட்டை நோக்கி ஊர்ந்தன. எங்கே இருட்டு திரண்டு நிற்கிறதோ அங்கே மரம் இருக்கிறது. மரத்தைத் தொட்டு ஏறத் தொடங்கிய பிறகுதான் வெளிச்சத்தின் பக்கம் திரும்பின.

தொங்கவிடுவதற்கும் நியாயங்கள் உண்டு. கம்பம் வேண்டாம், கட்டுக்கயிறு வேண்டாம், தொட்டி சாய்ந்துவிடுமோ என்ற அச்சம் இல்லை. இடம் மாற்ற வேண்டுமானால் தொட்டியை அப்படியே தூக்கிக்கொண்டு போகலாம். ஒரு கம்பத்தில் நன்றாக வேர் ஊன்றிய கொடியை அப்படி எளிதில் நகர்த்த முடியாது. வாடகை வீட்டில் இருப்பவர்களும் அடிக்கடி வீடு மாறுகிறவர்களும் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆனால் தொங்கும் தொட்டிகளில் ஒரு குறை தவறாமல் வருகிறது. கீழே ஆறடிக்குப் பச்சை, மேலே தொட்டியின் வாய் மொட்டை. உத்தரத்தை ஒட்டி வைத்த தொட்டியின் மேற்பரப்பில் வெளிச்சம் விழுவதே இல்லை. சன்னல் வெளிச்சம் கீழே தொங்கும் பகுதிக்கு மட்டுமே கிடைக்கிறது. வெளிச்சம் படாத கணுக்கள் பழைய இலைகளை உதிர்த்துவிட்டுப் புதிதாகத் துளிர்க்காமல் கிடக்கும். தொட்டியை ஓரடி தாழ்த்தி, சன்னலின் மேல் விளிம்புக்குக் கீழே கொண்டுவந்தாலே பாதிச் சிக்கல் தீரும். மீதிக்கு ஒரு வழி: நீளமான இரண்டு கொடிகளை மடக்கி மேலே கொண்டுவந்து, தொட்டி மண்ணின் மீது வட்டமாகப் படுக்கவைத்து, கொண்டை ஊசியால் கணுக்களை மண்ணோடு அழுத்தி வையுங்கள். கணுக்களில் வேர் இறங்கும், பிறகு மேலே துளிர் வரும். நுனியை அவ்வப்போது கிள்ளிவிட்டால், நுனி மொட்டின் ஆதிக்கம் குறைந்து கீழ்க்கணுக்கள் கிளைவிடும்.

இரண்டில் எது என்று கேட்டால், இடமும் பொறுமையும் உள்ளவர்களுக்கு ஏற்றிவிடுவதே என் பரிந்துரை. செடி தன் முழு உருவத்தைக் காட்டுவதைப் பார்க்கும் மகிழ்ச்சி தொங்கும் கொடியில் கிடைப்பதில்லை.

எதில் ஏற்றுவது?

பெரும்பாலானவர்கள் தடுமாறுவது இங்கேதான். கடைகளில் பாசிக் கம்பம் என்ற பெயரில் கிடைப்பவற்றுள் பெரும்பாலானவை உண்மையில் பிளாஸ்டிக் குழாயின் மேல் தேங்காய்நார் சுற்றிய நார்க் கம்பங்கள். இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இருக்கிறது.

நார்க் கம்பம் பார்க்க நேர்த்தியாக இருக்கும், பல ஆண்டுகள் உழைக்கும், எடை குறைவு. ஆனால் நாருக்குத் தண்ணீரைப் பிடித்து வைக்கும் குணம் குறைவு. காலையில் தெளித்த நீர் சிறிது நேரத்திலேயே காய்ந்துவிடும். காய்ந்த பரப்பில் காற்றுவேர் சிறிது தூரம் ஊர்ந்து, பற்றிக்கொள்ள முயன்று, பழுப்பாகி நின்றுவிடும். உள்ளே ஓடுவதற்கு இடமும் இல்லை, ஏனென்றால் நாருக்குப் பின்னால் வழவழப்பான குழாய். கட்டிவைக்க ஒரு கம்பு என்ற அளவில்தான் அது பயன்படுகிறது. அந்த வேலைக்கு ஒரு மூங்கில் குச்சியே போதும்.

உண்மையான பாசிக் கம்பத்தில் அடைக்கும் ஸ்பாக்னம் பாசி வேறு வகை. தன் உலர்ந்த எடையைப் போல் பதினைந்து, இருபது மடங்கு நீரை அது உறிஞ்சி வைத்துக்கொள்ளும். கணுவில் முளைக்கும் வேர் ஈரப்பாசியைத் தொட்டதும் நடப்பதைக் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும். முதலில் கணுவின் அடியில் பழுப்பு நிறத்தில் ஒரு புடைப்பு மட்டும் தெரியும், தோலுக்கடியில் ஏதோ முட்டுவது போல. சில நாட்களில் அதன் முனை வெண்மையாகும். பாசிக்குள் நுழைந்ததும் அந்த முனை பஞ்சு போன்ற மெல்லிய தூவிகளை விடும். பிறகு பக்கவேர்கள் கிளைக்கும். இந்தக் கொடிகளின் காற்றுவேர்களில் பற்றிக்கொள்வதற்கு மட்டும் உள்ளவையும் உண்டு, நீரும் சத்தும் எடுப்பவையும் உண்டு. ஈரப்பாசி இரண்டாம் வகைக்கு இடம் தருகிறது. தொட்டியிலிருந்து ஐந்தடி உயரத்தில் உள்ள இலைக்கு அதன் கணுவிலேயே நீர் கிடைக்கிறது. என் கம்பத்துக் கொடியின் இலை பெருத்ததற்குக் காரணம் இதுதான்.

அதற்கு நாம் கொடுக்கும் விலை உழைப்பு. பாசி காயவே கூடாது. ஒருமுறை முற்றிலும் காய்ந்துவிட்டால் உள்ளே ஓடிய நுண்வேர்கள் கருகும். காய்ந்த பாசி நீரை உடனே ஏற்கவும் செய்யாது, ஊற்றிய தண்ணீர் பக்கவாட்டில் வழிந்து தரைக்குப் போய்விடும். கம்பத்தின் உச்சியில் சிறு துளையிட்ட பாட்டிலைக் கவிழ்த்து வைத்து மெதுவாகச் சொட்டவிடுவது, தெளிப்பானால் தெளிப்பதைவிட நூறு மடங்கு மேல். தெளித்த நீர் பாசியின் தோலைத்தான் நனைக்கிறது. கம்பத்துக்குக் கொடுக்கும் நீரில் உரம் கலந்தால் வழக்கமான அளவில் கால்பங்கு போதும். அதற்கு மேல் போனால் பாசியின் மேல் வெள்ளையாக உப்புப் படியும், அதைத் தொட்ட வேர்முனைகள் கருகும். மாதம் ஒருமுறை வெறும் நீரை நிறைய ஊற்றிக் கழுவிவிட வேண்டும்.

இதைத் தொடர்ந்து செய்ய முடியாதவர்களுக்கு நான் சொல்வது மரப்பலகை. வண்ணமோ மெருகெண்ணெயோ பூசாத, அறுத்த சொரசொரப்பு மாறாத பலகை. பட்டையோடு இருந்தால் இன்னும் நல்லது. வேர் பலகையின் நுண்ணிய பிளவுகளில் இறுகப் பிடித்துக்கொள்ளும். சத்து எதுவும் அதிலிருந்து கிடைக்காது என்பதால் ஈரப்பாசிக் கம்பத்தின் அளவுக்கு இலை பெருக்காது. ஆனால் ஏறுகிறோம் என்ற உணர்வு கொடிக்குக் கிடைத்துவிடும். தொங்கும் கொடியைவிடப் பெரிய இலையே வரும். பராமரிப்பு என்று எதுவும் இல்லை. மறந்துபோய்க் காய்ந்த பாசிக் கம்பத்தைவிடச் சும்மா நிற்கும் பலகை எவ்வளவோ மேல். இலைகளை ஓடு வேய்ந்தது போலப் பரப்போடு ஒட்டி வைத்து ஏறும் மான்ஸ்டெரா டூபியா போன்ற வகைகளுக்குப் பலகைதான் இயல்பான இடம்.

சுவரில் நேரடியாக ஏற்றலாமா? ஏறும். ஆனால் பிரிக்கும்போது வேரோடு சேர்ந்து வண்ணப்பூச்சும் உரிந்து வரும். வராத இடங்களில் வேரின் பழுப்புத் தடம் சிறிய பூரான் ஊர்ந்தது போல நிலைத்து நிற்கும். என் வீட்டுச் சுவரில் ஒரு முழ நீளத்துக்கு அந்தத் தடம் இன்னும் இருக்கிறது.

மூங்கில் தட்டி, கம்பி வளையம் ஆகியவை சுற்றிப் படரும் கொடிகளுக்கானவை. இந்த இடத்தில் எனக்குப் பாரியின் நினைவு வரும். பாரி தேரை விட்டுச்சென்றது முல்லைக்கு. முல்லை, கிடைத்த கம்பைத் தண்டால் சுற்றி ஏறும் கொடி. அதற்குத் தேர்க்கால் சரியான கொழுகொம்பு. அதே தேரில் மணி பிளாண்டை வைத்தால் அது சுற்றாது. அதற்குச் சுற்றத் தெரியாது. வேரால் ஒட்டத்தான் தெரியும். கொடி எதனால் பிடிக்கிறது என்று பார்க்காமல் வாங்கிய கொம்பு எவ்வளவு அழகாக இருந்தாலும் பயன்படுவதில்லை. சுற்றுவதா, வேரால் ஒட்டுவதா, பற்றுக்கம்பி விட்டுப் பிடிப்பதா என்பதைக் கண்டுகொள்ள ஒரு கணுவை உற்றுப் பார்த்தாலே போதும்.

வேரால் ஏறும் கொடிக்கு முதுகுப் பக்கம் என்று ஒன்று உண்டு. இலைகள் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், வேர்ப் புடைப்புகள் மறுபக்கம் இருக்கும். அந்த மறுபக்கம் கம்பத்தைத் தொடும்படி வைக்க வேண்டும். கட்டும்போது இலைக்காம்பைச் சேர்த்துக் கட்டாதீர்கள். இலைக்காம்பு வெளிச்சத்துக்கேற்பத் திரும்ப வேண்டும், கட்டிவிட்டால் இலை முறுக்கிக்கொண்டு கிடக்கும். பழைய பருத்தித் துணியைக் கிழித்த நாடா, கணுவுக்குச் சற்று மேலே, ஒரு விரல் நுழையும் தளர்வோடு இருக்கட்டும். முதல் ஆண்டில் நான் மெல்லிய நைலான் நூலால் இறுக்கிக் கட்டினேன். தண்டு தடித்தபோது நூல் சதைக்குள் புதைந்து, அந்த இடத்துக்கு மேலே இருந்ததெல்லாம் மஞ்சளித்துப்போனது. கட்டை அவிழ்க்கவும் முடியவில்லை, வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. வேர் பிடித்ததும் கட்டை நீக்கிவிட வேண்டும் என்பதை அன்று கற்றுக்கொண்டேன்.

இனி, எந்தக் கொடி?

மணி பிளாண்டையும் இதய இலைப் பிலோடென்ட்ரானையும் ஒன்றென்றே பலர் எண்ணுகிறார்கள். விற்பவர்களே மாற்றிச் சொல்வதும் உண்டு. இலையைத் தொட்டுப் பாருங்கள். மணி பிளாண்டின் இலை தடிப்பாக, மெழுகு பூசியது போல, இலேசாக மேடுபள்ளத்தோடு இருக்கும். நடு நரம்பின் இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருக்காது. பிலோடென்ட்ரான் இலை மெல்லியது, மிருதுவானது, இதய வடிவம் கச்சிதமானது. மணி பிளாண்டின் இலைக்காம்பில் ஒரு பள்ளம் ஓடும். மற்றதன் காம்பு உருண்டை. புதுத் தளிர் வரும்போது வேறுபாடு இன்னும் தெளிவாகிவிடும். பிலோடென்ட்ரானின் ஒவ்வொரு தளிரும் ஒரு மெல்லிய உறைக்குள் சுருண்டு வந்து, விரிந்த பிறகு அந்த உறை காய்ந்து விழும். மணி பிளாண்டில் அந்த உறை கிடையாது. முந்தைய இலையின் காம்பை ஒட்டியே புதிய இலை சுருள் பிரியும்.

வளர்ப்பில் இரண்டும் ஏறத்தாழ சமம். மேல்மண் இரண்டு விரற்கடை ஆழத்துக்குக் காய்ந்ததும் நீர், நேர் வெயில் படாத வெளிச்சம், 18 முதல் 30 டிகிரி வெப்பம். தண்ணீரை மறந்தால் மணி பிளாண்ட் தாங்கும். இலை தொய்ந்து காட்டி, நீர் விட்டதும் சில மணி நேரத்தில் நிமிரும். பிலோடென்ட்ரான் அவ்வளவு பொறுமைசாலி இல்லை. ஆனால் தொங்கவிடுவது என்று முடிவு செய்துவிட்டவர்களுக்கு நான் கைகாட்டுவது பிலோடென்ட்ரானைத்தான். சிறிய இலையிலும் அதன் வடிவம் முழுமையாக இருக்கிறது, தண்டு மெலிது, தானாக வளைந்து விழும். ஏற்றுவதற்கு மணி பிளாண்ட். இரண்டு போட்டியாளர்களுக்கும் நான் தரும் தீர்ப்பு இதுதான்.

மணி பிளாண்ட் பூத்து நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். பூ இல்லாததால் தாவரவியலாளர்களே இதை எந்தப் பேரினத்தில் வைப்பது என்று தெரியாமல் பலமுறை மாற்றினார்கள்; 1880-இல் போத்தோஸ் என்று பெயர் பெற்றது, 1964-இல் எபிப்ரெம்னம் பேரினத்துக்கு வந்து சேர்ந்தது. ஜிப்பரெல்லின் என்ற வளரூக்கியை உருவாக்கும் ஒரு மரபணு இதில் சரிவரச் செயல்படுவதில்லை என்று 2016-இல் வெளியான ஆய்வு காட்டியது. அந்த வளரூக்கியை வெளியிலிருந்து தெளித்தபோது செடி பூத்தது. ஆக உலகெங்கும் உள்ள மணி பிளாண்டுகள் கணுவிலிருந்து கணுவாக, கைமாறிக் கைமாறி வந்தவை.

பூ வேண்டும் என்பவர்களுக்கு ஹோயா. இதை முன்னிரண்டோடு ஒரே தட்டில் வைத்து நீர் ஊற்றினால் அழுகிவிடும். ஹோயாவின் தடித்த இலை நீரைச் சேமித்து வைப்பது. மண் முழுவதும் காய்ந்து, இலையை விரல்களுக்கிடையே மடக்கினால் சற்றே வளைந்து கொடுக்கும்போதுதான் அடுத்த நீர். வெளிச்சமும் கூடுதலாக வேண்டும். காலை வெயில் ஒரு மணி நேரம் பட்டால் மகிழ்ச்சியோடு ஏற்கும். பெரிய தொட்டிக்கு மாற்ற அவசரப்பட வேண்டாம்.

புதிதாக ஹோயா வளர்ப்பவர்கள் இரண்டு இடங்களில் கத்தரியை வைத்துச் செடியைக் கெடுக்கிறார்கள். ஒன்று, இலையே இல்லாமல் சாட்டை போல நீளும் தண்டு. வீணாக நீள்கிறது என்று வெட்டிவிடுகிறார்கள். அது கொழுகொம்பைத் தேடிக் காற்றில் மெல்ல வட்டமிடும் தண்டு. பிடி கிடைத்தபின் அதிலேயே இலைகள் வரும். இந்த வட்டமிடலை முதலில் பொறுமையாக அளந்தவர்களுள் சார்லஸ் டார்வின் ஒருவர். நோய்வாய்ப்பட்டு அறைக்குள் கிடந்த நாட்களில், ஹாப் கொடி ஒன்றைத் தொட்டியோடு அருகில் வைத்து இரவும் பகலும் பார்த்துக்கொண்டிருந்தார். வெப்பமான பகலில் அது ஒரு சுற்றுச் சுற்ற 2 மணி 8 நிமிடம் எடுத்துக்கொண்டது என்று 1865-இல் எழுதினார். ஹோயா அவ்வளவு வேகம் இல்லை. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். காலையில் சன்னல் பக்கம் நீண்டிருந்த சாட்டை மாலையில் சுவர்ப் பக்கம் திரும்பி நிற்பதை என் அறையிலேயே பார்க்கிறேன். நீங்களாக வளையத்தில் சுற்றிவிடும்போது அது எந்தத் திசையில் சுற்றுகிறதோ அதே திசையில் சுற்றுங்கள்; எதிர்த்திசையில் சுற்றினால் சில நாளில் அவிழ்த்துக்கொண்டு வந்துவிடும்.

இரண்டாவது, பூத்து முடிந்த காம்பு. வாடியது என்று அதை வெட்டிவிடக் கூடாது. பல ஹோயா வகைகள் அடுத்த முறையும் அதே காம்பின் நுனியில்தான் மொட்டு விடும். மொட்டு வந்திருக்கும்போது தொட்டியை இடம் மாற்றவும் வேண்டாம்.

மான்ஸ்டெரா டெலிசியோசாவை வாங்குமுன் அறையை அளந்துகொள்ளுங்கள். நன்றாக வளர்ந்தால் ஒரு மீட்டர் அகலத்துக்குக் குறையாமல் இடம் பிடிக்கும். இலையில் ஓட்டை விழவில்லையே என்று வருந்துகிறவர்கள் இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும்: இளஞ்செடிக்கு ஓட்டை வராது, வெளிச்சம் போதாத செடிக்கு வயதானாலும் வராது. காட்டின் அடித்தளத்தில் வெயில் சிறுசிறு புள்ளிகளாகத்தான் விழுகிறது. ஒரே அளவு இலைத் திசுவை ஓட்டைகளோடு அகலமாகப் பரப்பினால் அந்தப் புள்ளிகள் தவறாமல் பட வாய்ப்பு அதிகம் என்று 2013-இல் கிறிஸ்டோபர் மியூர் என்ற ஆய்வாளர் விளக்கம் சொன்னார். விரல் பருமனில் தொங்கும் இதன் காற்றுவேர்களை அழகில்லை என்று நறுக்காமல் வளைத்துத் தொட்டி மண்ணுக்குள் விட்டுவிடுங்கள். செடி உறுதியாக நிற்கும். மெல்லிய நார்க் கம்பம் இதன் எடையைத் தாங்காது. பலகை அல்லது தடித்த பாசிக் கம்பம், அடியில் கனமான மண்தொட்டி.

ஐவியைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. வெளிச்சுவரில் அதற்கு ஈடு இணை இல்லை. வேரிலிருந்து அது சுரக்கும் மஞ்சள் நிறப் பசையில் நுண்துகள்கள் இருப்பதை 2008-இல் கண்டறிந்தார்கள். அந்தப் பிடியைப் பிரிப்பது கடினம். ஆனால் அது குளிர்ந்த காற்றை விரும்பும் செடி. வெதுவெதுப்பான, காய்ந்த அறைக்குள் வைத்தால் சிலந்திப்பேன் வந்து சேரும். இலையின் பின்புறம் மெல்லிய வலை, முன்புறம் ஊசியால் குத்தியது போன்ற வெளிறிய புள்ளிகள். 20 டிகிரிக்குக் கீழே இருக்கும் வெளிச்சமான அறை இல்லையென்றால் ஐவியை விட்டுவிடுவதே நல்லது.

குழந்தைகளும் வளர்ப்பு விலங்குகளும் உள்ள வீட்டில் வரிசை மாறும். மணி பிளாண்ட், பிலோடென்ட்ரான், மான்ஸ்டெரா மூன்றிலும் கால்சியம் ஆக்சலேட் ஊசிப்படிகங்கள் உள்ளன. மென்றால் வாயும் நாக்கும் எரிந்து வீங்கும். ஐவியும் உண்ணத் தகாதது, அதன் சாறு சிலருக்குத் தோலில் அரிப்பு தரும். ஹோயா பூனைக்கும் நாய்க்கும் நஞ்சு இல்லை என்ற பட்டியலில் இருக்கிறது. தாழ்வான இடத்தில் கொடி தொங்கினால் பூனை விளையாடாமல் இருக்காது. அப்படிப்பட்ட வீட்டில் ஹோயாவைத் தவிர வேறெதையும் நான் தொங்கவிட மாட்டேன்.

வெளிச்சம் பற்றி, மண் பற்றி

எந்தக் கொடியாக இருந்தாலும் பெரும்பாலான தோல்விகளுக்குக் காரணம், நம் கண்ணை நம்பி வெளிச்சத்தை மதிப்பிடுவது. நண்பகல் வெயிலில் வெளியே ஒரு லட்சம் லக்ஸ் அளவுக்கு வெளிச்சம் இருக்கும். சன்னலை ஒட்டி, நேர் வெயில் படாத இடத்தில் அது சில ஆயிரமாகக் குறையும். அறையின் மறுகோடியில் இருநூறு முந்நூறுதான் மிஞ்சும். நம் கண் பாவை விரிந்து சரிசெய்துகொள்வதால் அந்த மூலையும் நமக்கு வெளிச்சமாகவே தெரிகிறது. நண்பகலில் ஒரு வெள்ளைத்தாளுக்கு ஒரு சாண் மேலே கையை நீட்டிப் பாருங்கள். விரல்களின் நிழல் தனித்தனியாகத் தெரிந்தால் ஹோயாவுக்கு ஏற்ற இடம். கையின் உருவம் மங்கலாகத் தெரிந்தால் மணி பிளாண்டும் பிலோடென்ட்ரானும் நன்றாக வளரும். நிழலே விழவில்லையென்றால் அங்கே செடி உயிரோடு இருக்கும், வளராது. வெள்ளையோ மஞ்சளோ கலந்த இலை வகைகளுக்கு இன்னும் கூடுதல் வெளிச்சம் வேண்டும். பச்சையம் இல்லாத பகுதி உணவு தயாரிப்பதில்லை அல்லவா.

மண்ணா, தண்ணீர்க் குப்பியா என்ற கேள்விக்கு என் விடை சுருக்கமானது. தண்ணீரில் மணி பிளாண்ட் ஆண்டுக்கணக்கில் வாழும், ஆனால் வெறும் நீரில் சத்து இல்லாததால் இலை சிறுத்துக்கொண்டே போகும். கொசு முட்டையிடாமல் இருக்க வாரம் ஒருமுறை நீரை முழுவதுமாக மாற்றியே ஆக வேண்டும். மேசைமேல் ஒரு சிறு பச்சை போதுமென்றால் குப்பி. கொடி வேண்டுமென்றால் மண். மண்ணிலும் களிமண் தன்மை கூடாது. தென்னைநார்த் துகள், பெர்லைட் என்ற எடை குறைந்த வெள்ளைக் கல்துகள், மரப்பட்டைத் துண்டுகள் ஏறத்தாழ சம பங்கு, கொஞ்சம் மண்புழு உரம். ஊற்றிய நீர் சில நொடிகளில் அடித்துளை வழியே வெளியே வர வேண்டும்.

அறைக் காற்றைத் தூய்மையாக்கும் என்பதற்காக மட்டும் கொடி வாங்க வேண்டாம். 1989-இல் நாசா செய்த சோதனை மூடிய சிறு கூண்டுகளுக்குள் நடந்தது. அத்தகைய சோதனைகளை மறு ஆய்வு செய்து 2019-இல் வெளியான கணக்கின்படி, சன்னல் வழியே இயல்பாக நடக்கும் காற்றோட்டத்துக்கு இணையாக வேண்டுமென்றால் ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1,000 செடிகள் வரை தேவைப்படும்.

கொடி கம்பத்தின் உச்சியை எட்டியதும்

ஏற்றிவிட்டவர்கள் எல்லோருக்கும் ஒருநாள் இந்த நிலை வரும். பிடிக்க எதுவும் இல்லாமல் நுனி வளைந்து தொங்கத் தொடங்கும். சில கணுக்களுக்குள் இலை மறுபடியும் சிறுக்க ஆரம்பிக்கும். அதற்குமுன் முடிவெடுக்க வேண்டும். கம்பத்தின் மேல் இன்னொரு கம்பத்தைச் செருகி உயர்த்துவது ஒரு வழி; உத்தரம் இடம் தரும்வரைதான் அது. எனக்குப் பிடித்தது இரண்டாவது வழி. உச்சியிலிருந்து நான்கைந்து கணுக்களை, அவை பாசிக்குள் விட்ட வேர்களோடு சேர்த்து வெட்டி எடுத்து, புதிய தொட்டியில், புதிய கம்பத்தின் அடியில் நட்டுவிடுவது. பாசிக்குள் ஏற்கெனவே வேர் இருப்பதால் அது வாடுவதே இல்லை. முதிர்ந்த தண்டிலிருந்து வந்த துண்டு என்பதால் அடுத்த இலையும் பெரிதாகவே வரும். மீண்டும் குழந்தைப் பருவத்திலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

பழைய கம்பத்தில் நிற்கும் அடித்தண்டை எறிந்துவிடாதீர்கள். நுனி போனதும் கீழே உறங்கிக் கிடந்த கணுக்கள் விழிக்கும். சென்ற முறை நான் வெட்டியபோது பதினெட்டாவது நாள் மேலிருந்து இரண்டாவது கணுவில் அரிசி அளவுக்கு ஒரு பச்சை முனை தெரிந்தது. அடுத்த வாரம் அதற்குக் கீழே இன்னொன்று. இப்போது இரண்டு தண்டுகள் அதே பாசியைப் பிடித்துக்கொண்டு பக்கம் பக்கமாக ஏறிக்கொண்டிருக்கின்றன.